கட்டாமல் விட்ட தீவுகள்

செங்கடலோரப் பாலைவனத்தில் பவளமாகவும் முத்தாகவும் மணல்மேடாகவும் எழுந்திருக்கும் சொகுசு விடுதிகள், இயற்கையிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டன?

சவுதி அரேபியாவின் வடமேற்குக் கரையில் உம்லுஜ், அல் வஜ் என்று இரண்டு பழைய துறைமுக ஊர்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காயல் விரிந்துகிடக்கிறது. கடல் பக்கம் பவளப்பாறைகள் அரண்போல் வளைந்து நிற்பதால் உள்ளே அலை அதிகம் இல்லை. அந்த அமைதியான நீரில் 90-க்கும் மேற்பட்ட தீவுகள். கரைக்கு வந்தால் மணல்வெளி, அதைத் தாண்டினால் எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த பாறைக்காடு, அதற்கும் பின்னால் ஹிஜாஸ் மலைத்தொடர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது.

செங்கடலுக்கே அப்படி ஓர் ஆறு இல்லை. வெயில் ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் உயரத் தண்ணீரை அந்தக் கடலிலிருந்து ஆவியாக்கிக் கொண்டுபோகிறது. தெற்கே பாப் எல் மண்டெப் நீரிணை வழியாக உள்ளே வரும் இந்துமாக்கடல் தண்ணீர்தான் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. அதனால் வடக்கே போகப்போக உப்பு ஏறுகிறது. இந்தப் பகுதியில் லிட்டருக்கு 40 கிராம் அளவில் இருக்கிறது. இவ்வளவு உப்பிலும் இவ்வளவு சூட்டிலும் அங்கே பவளம் உயிரோடு இருக்கிறது, கடற்புல் இருக்கிறது, அதை மேய ஆவுளியா வருகிறது, அழுங்காமை தீவுகளில் ஏறி முட்டையிடுகிறது.

2017 ஜூலை இறுதியில் சவுதி அரசு இந்த இடத்தை உலகத்துக்கு அறிவித்தது. 28,000 சதுர கிலோமீட்டரில் ஒரு சொகுசுச் சுற்றுலாப் பிரதேசம். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். 22 தீவுகளிலும் நிலப்பகுதியில் 6 இடங்களிலும் கட்டுவது, 2030-க்குள் 50 ரிசார்ட்டுகள், 8,000 அறைகள் என்பது திட்டம். இன்றைக்கு இதை நடத்தும் அரசு நிறுவனத்தின் பெயர் ரெட் சீ குளோபல். முதல் விடுதி 2023-இன் இறுதியில் திறந்தது. அதன்பிறகு வரிசையாக மற்றவை வந்துகொண்டிருக்கின்றன. உலகின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் பலருக்கும் இங்கே வேலை கிடைத்தது. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: இந்த நிலத்தைப் பார்த்துத்தான் வரைந்தோம்.

நிலத்தைப் பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. அதன் தோற்றத்தைப் பார்ப்பது ஒன்று. அது எப்படிப் பிழைத்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பத்திரிகை அட்டைகளில் வரும் படங்கள் எல்லாம் முதல் வகையைத்தான் காட்டும். பாலைவனக் கரையில் ஒரு கட்டடம் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது இரண்டாவது.

முத்து, பூ, மிதந்து வந்த மரம்

முதலில் தோற்றத்தையே பார்த்துவிடலாம், அதிலும் பாராட்ட வேண்டியவை இருக்கின்றன.

முதலில் திறந்தது சிக்ஸ் சென்சஸ் சதர்ன் டியூன்ஸ். இது தீவில் இல்லை. உள்நிலத்தில், ஹிஜாஸ் மலைகளைப் பார்த்தபடி மணல்மேடுகளுக்கு இடையே இருக்கிறது. லண்டனின் ஃபாஸ்டர் பிளஸ் பார்ட்னர்ஸ் வடிவமைத்தது. பாலைவனப் பூவின் இதழ்களைப்போல் விரிந்த நிழற்கூரைகள் நடு முற்றத்தை மூடி நிற்கின்றன. 2024 தொடக்கத்தில் உம்மஹாத் தீவுகளில் வந்த செயின்ட் ரீஜிஸ் விடுதி, ஜப்பானியக் கலைஞர் கெங்கோ குமாவின் கைவண்ணம். கரையில் இருக்கும் வில்லாக்கள் மணல்மேட்டின் வளைவோடும், நீர்மேல் இருப்பவை பவளத்தின் சுருளோடும் ஒத்துப்போகின்றன. 2024-இன் பிற்பகுதியில் ஷெபாரா. துபாயின் எதிர்கால அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஷான் கில்லாவின் நிறுவனம் இதைச் செய்தது. 73 வில்லாக்கள், நீர்மேல் நிற்பவை கண்ணாடிபோல் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுக் கூடுகள், கோத்த முத்துமாலைபோல் வளைந்து செல்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் டெசர்ட் ராக். இது கடலைவிட்டு விலகி, கருங்கல் மலைக்குள்ளேயே குடைந்து கட்டியது. அமெரிக்காவின் ஓப்பன்ஹைம் நிறுவனம் மலையிலிருந்து வெட்டியெடுத்த கல்லை வீணாக்காமல் அங்கேயே கட்டுமானத்துக்குப் பயன்படுத்தியது.

இவற்றில் என் மனதுக்குப் பிடித்தது டெசர்ட் ராக். தூரத்திலிருந்து பார்த்தால் மலைதான் தெரியும், விடுதி தெரியாது. ஷெபாராவின் எஃகு முத்துகள் படத்தில் அழகாக இருக்கின்றன, கடலையும் வானையும் பிரதிபலித்து மறைந்துபோவதுபோல் தோன்றுகின்றன. ஆனால் வானத்தைக் காட்டும் கண்ணாடிப் பரப்புகளில் பறவைகள் மோதிச் சாவது உலகெங்கும் நடக்கிறது. இந்தக் காயலோ கடற்பறவைகள் கூடு கட்டும் இடம். மனிதக் கண்ணுக்கு மறைவது பறவையின் கண்ணுக்கு ஆபத்தாகலாம். ஷெபாராவின் பெரிய நன்மை வேறொன்று: கூடுகளை வெளியே பட்டறையில் செய்து முடித்து, கடல்வழியாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தீவில் கான்கிரீட் கலவை ஓடவில்லை என்றால் பவளத்தின்மேல் சிமென்ட் தூசியும் சேறும் படிவது அந்த அளவுக்குக் குறையும்.

கண்டலிடம் பாடம்

சரி, இந்த நிலம் எப்படிப் பிழைத்திருக்கிறது?

தீவுகளின் ஓரத்தில் வளரும் கண்டல் மரத்தைப் பாருங்கள். அவிசீனியா மரீனா என்பது அதன் அறிவியல் பெயர். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்தி, வெண்கண்டல் என்று நாம் சொல்லும் அதே இனம். காவிரி முகத்துவாரத்தில் ஓங்கி வளரும் இந்த மரம் செங்கடலில் குட்டையாக, புதராக நிற்கிறது. ஆற்றுநீர் இல்லை, வண்டல் இல்லை, உப்பு அதிகம். கிடைக்கிற ஊட்டத்துக்கு ஏற்ற அளவுதான் வளர்கிறது. வேர் தண்ணீரை உறிஞ்சும்போதே பெருமளவு உப்பை வெளியே நிறுத்திவிடும். மீறி உள்ளே வந்ததை இலை கசிந்து தள்ளும். காலையில் இலையின் மேல் உப்புப் படிகம் மின்னும். சேற்றில் காற்று இல்லாததால் மூச்சு வேர்களை மேலே நீட்டும். இலை உதிர்ந்தால் அது நண்டுக்கு, நண்டின் கழிவு மண்ணுக்கு.

தன் அளவை அறிந்து வளர்வது, உப்பைத் தானே கையாள்வது, கழிவை அடுத்த உயிருக்கு உணவாக்குவது. இயற்கையைப் பார்த்து வரைந்தோம் என்று சொல்கிற எந்தக் கட்டடமும் இந்த மூன்றிலும் தேற வேண்டும்.

குளிர்ச்சிக்கு இரண்டு வழி

பாலைவனம் என்றதும் தடித்த மண்சுவர் ஞாபகம் வரும். பகலில் சூட்டை வாங்கிச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், இரவின் குளிரில் அதை விட்டுவிடும். ஆனால் இது உள்நாட்டுப் பாலைவனத்தின் கணக்கு. அங்கே இரவும் பகலும் வெப்பத்தில் வெகுவாக வேறுபடும், காற்று உலர்ந்திருக்கும். கரையோரப் பாலையில் மழை இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் மண்டிக்கிடக்கும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் இரவிலும் அவ்வளவாகக் குளிராது. பகலில் வாங்கிய சூட்டைத் தடித்த சுவர் இரவில் தொலைக்க முடியாமல் அறைக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதே திட்டத்தில் வரும் ஷுரா தீவுக்கு ஃபாஸ்டர் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வடிவமைப்பில் இந்தப் புரிதல் தெரிகிறது. பவளமலர்ச்சி என்ற பொருள்பட கோரல் புளூம் என்று பெயரிட்ட அந்தத் திட்டத்தில் 11 ரிசார்ட்டுகள். ஒதுங்கிய மரத்துண்டுகள் கரையில் கிடப்பதுபோல் தாழ்வான, பெரும்பாலும் ஒரே தளமான கட்டடங்கள். சூட்டைச் சேமித்து வைக்காத இலேசான பொருட்கள், வெளியே செய்து கொண்டுவந்து பொருத்துபவை. அகலமான கூரை நீட்டம், கீழே காற்றோட்டம். மணல்மேட்டுக்கு மேல் எதுவும் தலைதூக்காது என்பதால் தீவின் தோற்றமும் கெடாது. கடல்மட்டம் உயர்வதைக் கணக்கில் எடுத்து நிலமட்டத்தையும் உயர்த்தியிருக்கிறார்கள். டெசர்ட் ராக் உள்நிலத்தில் இருப்பதால் அதற்குக் கருங்கல்லின் கனம் உதவும். ஒரே திட்டத்தில் இரண்டு நிலத்துக்கு இரண்டு பதில் என்பது நல்ல வடிவமைப்புக்கு அடையாளம்.

இந்தக் கரையின் பழைய கட்டடக்கலைக்கும் இது தெரிந்திருந்தது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜித்தாவின் பழைய நகரத்துக்குப் போனவர்கள், வீட்டு முகப்பில் பல மாடி உயரத்துக்குத் தொங்கும் மரச்சாளரக் கூண்டுகளைப் பார்த்திருப்பார்கள். ரவாஷீன் என்பார்கள். சல்லடைபோல் துளையிட்ட பலகை வழியாகக் கடற்காற்று உள்ளே வரும், வெயில் வராது, தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீட்டுப் பெண்கள் தெரியமாட்டார்கள். சுவர்கள் பவளக்கல்லால் ஆனவை. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல் கனம் குறைந்தது, வெட்டுவது சுலபம். மரச்சட்டங்களை அடுக்கடுக்காக நடுவில் வைத்துச் சுவரை இறுக்கினார்கள்.

பவளக்கல் வீடு நமக்கும் புதிதல்ல. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரில் இன்றும் பவளக்கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். அதன் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தோம். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கரைந்து கடலுக்குள் போய்விட்டன. பவளத்தின் உருவத்தில் கூரை போடுவதற்கும் பவளத்தைக் காப்பாற்றுவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லும் தகுதி அந்த அனுபவத்தில் நமக்கு வந்தது.

குழாயின் மறுமுனை

சொகுசு விடுதி என்றால் நீச்சல்குளம், தொட்டிக் குளியல், தினமும் துவைத்த விரிப்பு, பச்சைத் தோட்டம். ஆறில்லாத ஊரில் இத்தனைக்கும் தண்ணீர் கடலிலிருந்துதான் வர வேண்டும்.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் வந்த பிறகு, கடல்நீரைக் குடிநீராக்கும் இந்தத் தொழில்நுட்பம் சென்னைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளினால், 100 லிட்டர் கடல்நீருக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கும். மீதி 60 லிட்டரில் மொத்த உப்பும் தங்கிவிடும். செங்கடல் கணக்கில் பார்த்தால், லிட்டருக்கு 40 கிராம் இருந்த உப்பு கழிவுநீரில் 67 கிராமாக ஏறியிருக்கும். இந்தக் கழிவு சாதாரணத் தண்ணீரைவிடக் கனமானது. கலக்காமல் கடலடியில் படர்ந்து, கடற்புல்லும் பவளமும் இருக்கும் பள்ளத்தில் போய்த் தேங்கும். திறந்த கடலென்றால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். பவளப்பாறை வேலி போட்ட காயலில் தண்ணீர் மாறுவது மெதுவாகத்தான். அதனால் இந்த மாதிரி இடத்தில் கட்டடக் கலைஞர் முதலில் கையெழுத்திட வேண்டிய வரைபடம் கழிவுக்குழாய் எங்கே முடிகிறது என்பதுதான். வரவேற்புக் கூடத்தின் கூரை அதற்குப் பிறகு.

கழிவறைக் கழிவைப் பொறுத்தவரை செங்கடல் திட்டத்தில் பின்பற்றும் முறை எனக்கு மிகவும் சரியென்று படுகிறது. நாணல் போன்ற செடிகள் வளர்க்கும் செயற்கைச் சதுப்பு நிலத்தில் கழிவுநீரைப் பாய்ச்சுகிறார்கள். வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். தெளிந்த நீர் செடிகளுக்குப் போகும். இரைச்சல் இல்லை, நாற்றம் கட்டுக்குள், பறவையும் வந்து இறங்கும். கண்டல் செய்வதும் இதைத்தான். தோட்டத்துக்கான செடிகளை வளர்க்க 10 லட்சம் சதுர மீட்டரில் நாற்றுப்பண்ணை ஒன்றும் இருக்கிறது. 2030-க்குள் 5 கோடிக் கண்டல் செடிகளை நடுவோம் என்றும் நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இதே திட்டம்தான் ஷுரா தீவில் 18 குழி கோல்ஃப் மைதானமும் போட்டிருக்கிறது. உப்பைத் தாங்கும் புல்லாகவே இருக்கட்டும், மறுசுழற்சித் தண்ணீராகவே இருக்கட்டும். மழையில்லாத பவளத் தீவில் புல்வெளியைப் பச்சையாக வைத்திருக்க உரம் போட வேண்டும், அந்த உரம் கசிந்தால் போகும் இடம் கடல். பவளம் வாழ்வது ஊட்டம் குறைந்த தெளிந்த நீரில். நைட்ரஜன் ஏறினால் பாசி பவளத்தை மூடிவிடும். தீவின் வடிவமைப்பில் இத்தனை கவனம் எடுத்தவர்கள் இந்த ஒன்றை விட்டிருக்கலாம்.

மின்சாரத்தில் அவர்கள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். நாட்டின் மின்கட்டமைப்போடு இணைக்காமல் 5 சூரியமின் நிலையங்கள், 7,60,000 பேனல்கள், இரவுக்கு 1,200 மெகாவாட்-மணிக்கும் மேல் கொள்ளும் பேட்டரிகள். தீவில் டீசல் ஜெனரேட்டர் ஓடினால் சத்தமும் எண்ணெய்க் கசிவும் தவிர்க்க முடியாது என்பதால் இது பெரிய விஷயம்.

ஆமை பார்க்கும் ஜன்னல்

கடலைப் பார்த்த அறைக்கு எங்கும் விலை அதிகம். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர், படுக்கையிலிருந்தே கடல். கட்டடக் கலைஞருக்கும் அதில்தான் பெருமை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அழுங்காமை இரவில் கரையேறி, அலை தொடாத உயரத்தில் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் கூட்டமாக மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும், பெரும்பாலும் இரவில். கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்குச் சொல்ல யாரும் இல்லை. தாழ்வான வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே ஓடும். மனிதர் இல்லாத கரையில் அது நட்சத்திர ஒளியைத் திருப்பிக் காட்டும் கடல். விடுதி இருக்கும் கரையில் அது விளக்கெரியும் கண்ணாடிச் சுவர். தவறான பக்கம் ஓடிய குஞ்சு மணலில் அலைந்து களைத்துப்போகும். நண்டு பிடிக்காவிட்டால் விடிந்ததும் வெயில் கொன்றுவிடும்.

தீர்வு கடினமில்லை. கரையிலிருந்து பார்த்தால் எந்த விளக்கும் நேரடியாகக் கண்ணில் படக்கூடாது. நடைபாதை விளக்கு முழங்காலுக்குக் கீழே, மேல்மூடியோடு, ஆமைக்கு அவ்வளவாக உறைக்காத மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு ஒளியை மட்டுப்படுத்தும் பூச்சும், இருட்டியதும் தானாக இறங்கும் திரையும் வேண்டும். கட்டடமே கரையைவிட்டு உள்ளே தள்ளி, முன்னால் இருக்கும் மணல்மேட்டையும் அதன் செடிகளையும் கலைக்காமல் நிற்க வேண்டும். செங்கடல் திட்டம் இரவு வானத்தின் இருட்டைக் காப்பதைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாக வைத்திருப்பதை வரவேற்க வேண்டும். இருட்டைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆமைக்கும் நல்லதாகப் போயிற்று.

எல்லாவற்றையும்விடச் சிறந்த தீர்வு, ஆமை வரும் தீவில் கட்டாமல் இருப்பது. அதுவும் இங்கே நடந்தது. கட்டுவதற்கு முன் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர்கள், கார்லோஸ் டுவார்ட்டே உள்ளிட்டோர், திட்டக்காரர்களோடு சேர்ந்து காயல் முழுவதையும் வரைபடமாக்கினார்கள். பவளம் எங்கே, கடற்புல் எங்கே, கண்டல் எங்கே, ஆமையும் பறவையும் எங்கே என்று அடுக்கடுக்காகக் குறித்து, எந்தத் தீவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வகுத்தார்கள். அந்த ஆய்வு 2020-இல் அறிவியல் இதழில் வெளிவந்தது. அழுங்காமை முட்டையிடும் தீவு ஒன்று கட்டுமானப் பட்டியலிலிருந்து நீங்கியது. 9 தீவுகள் சிறப்புப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டன. நான்கில் மூன்று பங்கு தீவுகளில் எதுவும் வராது என்பது அறிவிக்கப்பட்ட வாக்குறுதி. ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்குமேல் வரவிடமாட்டோம் என்பதும் அவர்கள் வைத்த வரம்பு.

இந்தத் திட்டத்தில் ஆகச் சிறந்த வடிவமைப்பு எது என்று என்னைக் கேட்டால், குமாவின் சுருளையோ கில்லாவின் முத்தையோ சொல்லமாட்டேன், அந்த வரைபடத்தைச் சொல்வேன்.

பத்து மரக்குடில்கள்

பாலைவனக் கரையில் எப்படிக் கட்டுவது என்ற இதே கேள்விக்குச் சிறிய அளவில் ஒரு பதில் தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீபியாவின் ஸ்கெலிட்டன் கோஸ்ட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கரை அது. குளிர்ந்த கடலின் மேல் காற்று பட்டு மூடுபனியாகி நிலத்துக்குள் வரும். மழை அநேகமாக இல்லை. அங்கே ஒருவகை வண்டு விடியலில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைக் காற்றுக்கு எதிரே தூக்கி நிற்கும். மூடுபனி அதன் முதுகில் துளியாகி வாய்க்கு வழிந்து வரும். அந்த நிலத்தில் தண்ணீரின் அருமை அவ்வளவு.

அந்தக் கரையின் மணலில் தட்டிய கப்பல்கள் ஏராளம். அந்தச் சிதிலங்களின் சாயலில் 2018-இல் ஷிப்ரெக் லாட்ஜ் திறந்தது. வடிவமைத்தவர் நமீபியக் கட்டடக் கலைஞர் நீனா மாரிட்ஸ். தொடங்கியபோது 10 குடில்கள் மட்டும். கப்பலின் விலா எலும்புகள்போல் வளைந்த மரச்சட்டங்கள், மணலில் ஊன்றிய மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. மின்சாரம் வெயிலிலிருந்து. அனுமதிக் காலம் முடிந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மணல் தானே மூடிக்கொள்ளும். உள்ளூர் மக்களின் பாதுகாப்புக் குழுமங்களும் இந்த முயற்சியில் பங்காளிகள்.

வண்டி ஓட்டும் பாதைகூட அங்கே வடிவமைப்பின் பகுதிதான். நமீபின் சரளைக்கல் வெளியில் ஒருமுறை பதிந்த டயர் தடம் பல பத்தாண்டுகள் மாறாது. கல்மேல் படர்ந்திருக்கும் பாசிப்பூஞ்சை நசுங்கினால் திரும்ப வளர அதைவிட அதிக காலம் பிடிக்கும். அதனால் போட்ட பாதையைவிட்டு வண்டி விலகக்கூடாது என்பது கண்டிப்பு. எட்டாயிரம் அறைகளையும் பத்துக் குடில்களையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான். இயற்கையை மதிக்கும் கட்டடத்துக்கு அளவே முதல் குணம். கண்டல் அதைத்தான் சொல்கிறது.

வெயிலில் நிற்பவர்கள்

கரையோரப் பாலையின் ஈரக்காற்று கட்டடத்தைவிட மனித உடம்பை அதிகம் படுத்தும். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், உலராது. உள்நாட்டில் தாங்கக்கூடிய 40 டிகிரி கடற்கரையில் ஆளைச் சாய்த்துவிடும். சவுதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஈரமான கரையில் ஆபத்து மூன்று மணிக்கு முடிந்துவிடுவதில்லை, செப்டம்பர் 15-இலும் முடிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து வைத்த தடையைவிட, வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளந்து வேலையை நிறுத்தும் முறைதான் தேவை.

இதை நாம் சொல்லாமல் யார் சொல்வது? வளைகுடாவின் கட்டுமானங்களில் சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் மின்கம்பி இழுக்கவும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு விடுதியைப் பசுமையானது என்று அழைக்கும்போது, அதைக் கட்டியவர் தங்கிய அறை எப்படியிருந்தது, அவருக்கு நிழலும் தண்ணீரும் கிடைத்ததா என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள் விஷயமும் இருக்கிறது. இதே கரையில் இன்னும் வடக்கே, நியோம் என்ற வேறொரு பெருந்திட்டத்துக்காக ஹுவைதாத் பழங்குடியினரின் ஊர்களைக் காலி செய்தார்கள். வெளியேற மறுத்த அப்துல் ரஹீம் அல் ஹுவைதி 2020 ஏப்ரலில் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டார். செங்கடல் திட்டம் அதுவல்ல. ஆனால் பாலைவனத்தைக் காலியிடம் என்று வரைபடத்தில் குறிக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது. பாலைவனம் காலியிடம் அல்ல. ஒட்டகம் மேய்ப்பவருக்கு எந்தக் கிணற்றில் எப்போது தண்ணீர் ஊறும் என்று தெரியும், மீனவருக்கு எந்தத் திட்டில் எந்தக் காற்றில் மீன் ஒதுங்கும் என்று தெரியும். அந்த அறிவும் அந்த நிலத்தின் இயற்கையில் சேர்ந்ததுதான்.

இன்னொரு கேள்விக்கு எந்தக் கட்டடக் கலைஞராலும் பதில் சொல்ல முடியாது. விடுதிகள் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும், விருந்தினர் வந்து இறங்குவது விமானத்தில். அங்கேயே ஒரு சர்வதேச விமான நிலையம் 2023 முதல் இயங்குகிறது. தீவுகளுக்குப் படகோடு கடல்விமானமும் உண்டு. கடல் சூடாவதற்கு அந்தப் புகையும் ஒரு காரணம், கடல் சூடானால் பவளம் வெளுக்கும். பவளத்தைப் பார்க்க வரும் பயணமே பவளத்தைப் பாதிக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. பத்து லட்சம் பேர் என்ற வரம்பை மேலும் இறக்கினால் அந்தக் காயலுக்கு நல்லது.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும், ஒரு கடற்பகுதி முழுவதையும் முதலில் அளந்து, எங்கே கட்டக்கூடாது என்று தீர்மானித்துவிட்டு, அதன்பிறகு கட்டடக் கலைஞரை அழைத்த வரிசை சரியானது. நம் கரைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. மனை வாங்கி, வரைபடம் போட்டு, கட்டடம் பாதி எழும்பிய பிறகு சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய பேச்சு வருகிறது.

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் அந்தக் கரையில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்த முறை ஒரு ரிசார்ட்டில் அறை எடுக்கும்போது, நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: கழிவுநீர் எங்கே போகிறது? ஆமைக் காலத்தில் கரைப் பக்க விளக்குகளை அணைக்கிறீர்களா? பதில் சரியில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.